வீடு கட்டமுன் ஊரையும் யோசியுங்கள்: கூரை மரம், கடை, முற்றம்

வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் அடுத்த கவலை கூரைக்கு மரம் எங்கே எடுப்பது என்பதுதான். இந்த வீட்டிலிருந்து கடைக்கும் முன்பள்ளிக்கும் தொழிலுக்கும் எவ்வளவு தூரம் என்று அந்த நேரத்தில் யோசிப்பவர்கள் குறைவு. மரத்தையும் தூரத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பதற்கு இத்தாலியில் வீடிழந்த மக்களின் அனுபவம் நல்ல பாடம்.

2009 ஏப்ரல் 6 அதிகாலை இத்தாலியின் லாக்விலா நகரைப் பூமியதிர்ச்சி உலுக்கியது. 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பல்லாயிரம் பேர் கூடாரங்களுக்கும் கடற்கரை ஹோட்டல்களுக்கும் போக வேண்டியிருந்தது. எங்கள் மக்கள் செட்டிகுளம் முகாம்களில் இருந்ததும் அதே ஆண்டுதான். அங்கே அரசாங்கம் மிக வேகமாக வேலை செய்தது. நகரைச் சுற்றி 19 இடங்களில், மூன்று மாடி கொண்ட 185 கட்டடங்கள் எழுந்தன. முதல் வீடுகள் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கையளிக்கப்பட்டன. ஏறக்குறைய 15,000 பேர் குடியேறினார்கள்.

அவற்றில் பல கட்டடங்கள் மரத்தாலானவை. பலகைகளை ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்த வரிசை குறுக்காகவும் அடுக்கி, பசையிட்டு அழுத்தினால், சுவராகவே நிறுத்தக்கூடிய தடித்த மரப்பாளம் கிடைக்கும். யன்னலுக்கும் கதவுக்கும் தொழிற்சாலையிலேயே வெட்டி, லொறியில் கொண்டுவந்து பூட்டிவிடலாம். மரவீடு தீப்பிடிக்காதா என்று கேட்பீர்கள். மெல்லிய சிலாகை சட்டென எரியும். தடித்த மரத்தின் வெளிப்புறம் முதலில் கரியாகி, அந்தக் கரியே உள்மரத்தைச் சிறிது நேரம் காக்கும். நோர்வேயில் 2019இல் பெரும்பாலும் மரத்தால் 18 மாடிக் கட்டடம் ஒன்றை முடித்தார்கள். ஹோட்டல், அலுவலகம், குடியிருப்பு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன.

லாக்விலாவில் வீடுகள் சுத்தமானவை, சூடானவை, பூமியதிர்ச்சியைத் தாங்கக்கூடியவை. ஆனால் அவை வீடுகள் மட்டுமே. கடை இல்லை, தேநீர் குடிக்க இடமில்லை, கூடிப் பேச ஒரு சதுக்கமில்லை. பாண் வாங்கவும் வாகனம் வேண்டும். முன்பு ஒரே தெருவில் இருந்த அயலவர்கள் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறினார்கள். முதியவர்கள் தனித்துப்போனார்கள்.

மரத்திலும் பிழை வந்தது. 2014 செப்டம்பரில் ஒரு மரப் பால்கனி இடிந்து கீழ்வீட்டுப் பால்கனியின் மேல் விழுந்தது. நல்லகாலம், ஒருவருக்கும் காயமில்லை. பார்த்தால் மரம் நீரூறி உக்கிப்போயிருந்தது. அதன்பின் நூற்றுக்கணக்கான பால்கனிகளைப் பாவிக்கத் தடை விதிக்கப்பட்டது. கட்டி ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது.

அந்தத் தடித்த மரப்பாளங்களை வாங்கி நாங்கள் வீடு கட்டப்போவதில்லை. எங்கள் சுவர் கல்லாலோ சீமெந்துக் கல்லாலோதான் எழும்பும். ஆனால் கூரை மரம்தான். அங்கே நடந்த இரண்டு பிழைகளும் இங்கேயும் நடக்கக்கூடியவை.

முதலில் மரம். எங்கள் பழைய வீடுகளின் வளையும் தீராந்தியும் கைமரமும் பெரும்பாலும் பனை. தேக்கு, முதிரை, வேம்பு ஆகியவற்றில் நடுவில் வைரம் இருக்கும், வெளியே வெள்ளைப்பகுதி. பனையில் இது தலைகீழ்: வெளிப்புறமே வைரம், நடு சோறு. ஆகவே பனைமரம் வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். கறுப்பு நார் நெருக்கமாகவும் கனமாகவும் இருந்தால் முதிர்ந்த மரம். வெளிறி, நார் ஐதாக இருந்தால் இளமரம். விலை குறைவென்று எடுக்க வேண்டாம், வளைந்துவிடும், கறையானும் விரைவில் ஏறும்.

செல்லடியில் தலையிழந்த பனைகள் சில காணிகளில் இன்னும் நிற்கலாம். பனைக்கு ஒரே குருத்துத்தான். அது போனால் மரம் பட்டுவிடும், பட்டு நிற்கும் மரத்துக்குள் நீர் இறங்கும். வெளியே நல்லதாகத் தெரிந்தாலும் தட்டிப் பார்த்து, வெட்டிப் பார்த்தபின்தான் கூரைக்கு நம்ப வேண்டும். சண்டை நடந்த இடத்து மரங்களுக்குள் இரும்புத் துண்டுகள் இருக்கலாம். மரக்காலையில் அரியக் கொடுக்கமுன் அதைச் சொல்லிவிடுங்கள். வாள் உடைந்தால் அரிபவருக்குத்தான் ஆபத்து. மிதிவெடி அகற்றி முடியாத இடத்துக்குள், சிவப்பு எச்சரிக்கைப் பலகையைத் தாண்டி, ஒரு தடிக்காகவும் போகக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

சொந்தக் காணியில் நின்றாலும் பனை, பலா போன்ற மரங்களை நினைத்தபடி தறிக்க முடியாது. முதலில் கிராம அலுவலரிடம் கேளுங்கள். அவர் பிரதேச செயலகத்துக்கு வழிகாட்டுவார். மரத்தை வீதியால் ஏற்றிப்போவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது கையில் வரமுன் லொறி பிடித்தால், மரமும் போகும், கூலியும் போகும்.

வெட்டிய மரத்தை உடனே கூரையில் ஏற்றாதீர்கள். நிலத்தில் படாமல் கல்லின்மேல் அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் சிலாகை வைத்து, நிழலில் காயவிடுங்கள். காற்று ஊடே போக வேண்டும். பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஒக்டோபரில் மழை தொடங்கும் என்பதால் சோளகக் காற்று வீசும் மாதங்களில் காயவைப்பதே புத்தி.

கூரையில் முதலில் உக்குவது மரத்தின் நுனிகள்தான். சுவருக்குள் புதையும் நுனியைச் சாந்தால் முழுதாக மூடாமல் சிறிது காற்று விடச் சொல்லுங்கள். தாழ்வாரத்தை இரண்டடியாவது வெளியே நீட்டினால் வாடைக்காற்றோடு அடிக்கும் சாரல் சுவரிலும் கைமர நுனியிலும் படாது. வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்குப் போராக்ஸ் கரைசல் பூசலாம். வெளியே பூசினால் மழையில் கரைந்துவிடும். விறாந்தைத் தூணை நிலத்தில் நேரே நடாமல் ஒரு சீமெந்துக் கட்டையின்மேல் நிறுத்துங்கள். கறையான் ஏறினாலும் அதன் மண்வழி கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம். லாக்விலாவின் பால்கனிகளுக்கு இப்படிச் சின்னச் சின்னக் கவனங்கள்தான் கிடைக்கவில்லை.

இனி ஊர். சொந்த உறுதிக் காணிக்குத் திரும்புபவர்களுக்கு எல்லைகள் ஏற்கெனவே உள்ளன. மாற்றக்கூடியது காணிக்குள் வீடு நிற்கும் இடம். நடுக்காணியில் வீட்டைப் போட்டால் முன்னாலும் பின்னாலும் எதற்கும் போதாத துண்டுகள் மிஞ்சும். வீட்டை ஒரு பக்கம் ஒதுக்கி, ஒழுங்கைப் பக்கம் பத்துக்குப் பத்தடி இடம் விட்டால், பிறகு அங்கே ஒரு பலசரக்குக் கடையோ தையல் இடமோ சைக்கிள் திருத்தகமோ வரலாம். தனியே குடும்பத்தை நடத்தும் தாய்மாருக்கு இது பெரிய உதவி. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே உழைக்கலாம். வீதியிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்பதைப் பிரதேச சபையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மலசலகூடக் குழி உங்கள் கிணற்றிலிருந்து மட்டுமல்ல, அயல்வீட்டுக் கிணற்றிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள் நீர் வேகமாக ஓடும்.

காணியில்லாத குடும்பங்களுக்கு அரச காணியைத் துண்டுபோட்டுக் கொடுக்கும் இடங்களில்தான் லாக்விலாவின் நிலை அப்படியே வரக்கூடும். நில அளவையாளர் கட்டை அடிக்கமுன் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கூடி இரண்டு விடயங்களைக் கேட்க வேண்டும். சனசமூக நிலையம், முன்பள்ளி, சிறு சந்தை ஆகியவற்றுக்கு நடுவில் ஒரு பொதுத்துண்டு ஒதுக்கப்பட்டுள்ளதா? முன்பு அயலில் இருந்தவர்கள் அடுத்தடுத்த துண்டுகளைப் பெறலாமா? சீட்டுக் குலுக்கினால் பிரச்சினை குறையும் என்று அதிகாரிகள் நினைப்பதுண்டு. பிரச்சினை குறையும்தான், ஆனால் நோயாளியைப் பார்க்க ஓடிவரும் பக்கத்து வீட்டு அக்காவும் அந்தச் சீட்டில் தொலைந்துபோவார். குடும்பங்கள் நாலைந்தாகச் சேர்ந்து ஒரே சீட்டு எடுக்க அனுமதி கேட்கலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. அத்திவாரத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, கூரைக் கட்டத்தில் கை வரண்டு, நகையை அடைவு வைத்த குடும்பங்கள் பல. முதலில் சிறிய வீட்டை முழுதாக முடியுங்கள். கடைக்கான இடம் வெறும் நிலமாக இருக்கட்டும், அதற்குச் செலவில்லை. அத்திவாரம் வெட்டும் வாரத்திலேயே மர அனுமதிக்கும் விண்ணப்பித்துவிட்டால், கூரைக் கட்டம் வரும்போது மரம் காய்ந்து தயாராக இருக்கும்.

எடுத்த மரத்துக்குப் பதிலாக வேலியோரம் பனங்கொட்டை நடுங்கள்; வடிச்சலுள்ள மேட்டில் ஒரு வேம்பு. பனை காய்க்கப் பத்துப் பதினைந்து வருடம் போகும், வைரமேற ஒரு தலைமுறைக்கு மேல் போகும். வரைபடம் கையில் கிடைத்ததும் எங்கள் களப்பணியாளரிடமோ வீட்டுத்திட்டத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமோ காட்டுங்கள். கட்டை அடிக்கமுன் ஒரு மாற்றம் செய்வதற்கு ஒரு பென்சில் போதும்.