நாவிழந்த பின்னும் பேசிய ஊர்



நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று படித்தவர்கள் நாம். ஒரு பாடலைக் கையில் எடுத்தவுடன், இது எந்த நிலம், எந்தப் பொழுது என்று கேட்பது தமிழ் மாணவனுக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் பிறநாட்டு இலக்கியங்களைப் படிக்கும்போது அந்தக் கேள்வியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நானும் மறந்திருந்தேன். எனக்கு அதை நினைவூட்டியவன் என் மாணவன் ஒருவன்.

'அந்நியன்' நாவலை வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் படித்தவர்களுக்கு அல்பேர் காம்யுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1939இல் வெளிவந்த அவருடைய ஆரம்பகாலக் கட்டுரைத் தொகுதியொன்றில் திப்பாசா என்னும் கடற்கரை ஊரைப் பற்றிய கட்டுரை ஒன்று உண்டு. வெயில், கடல், இடிந்த கற்கள், அவற்றிடையே மணக்கும் செடிகள், இவற்றின் நடுவே வாழ்வைக் கொண்டாடும் ஓர் இளைஞன்: இவ்வளவுதான் அக்கட்டுரை. எங்கள் இந்துக் கல்லூரியின் உயர்தர வகுப்பில் அதன் அழகை நான் விரிவாக எடுத்துச் சொல்லி முடித்ததும், பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, "சேர், அந்த ஊரில ஆட்கள் ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. பல ஆண்டுகளாக அக்கட்டுரையைப் பாராட்டி வந்த நான், அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைய உரை அவனுக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

திப்பாசா அல்ஜீரியாவின் தலைநகரான அல்ஜியர்ஸிலிருந்து மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவில், மத்தியதரைக் கடலோரத்தில் உள்ளது. கடலை நோக்கிய மூன்று சிறு குன்றுகளில் பழைய நகரம் பரந்து கிடக்கிறது. மேற்கே 905 மீற்றர் உயரமான ஷெனுவா மலை கடலோரமாகவே எழுந்து நிற்கிறது. திப்பாசாவைப் பற்றி எழுதியவர் எவரும் இம்மலையைச் சொல்லாமல் விட்டதில்லை எனலாம். தெற்கே தாழ்ந்த குன்றுகளைக் கடந்தால் மித்திஜா என்னும் வளமான சமவெளி. மலைகளால் காக்கப்பட்ட கரை, பின்னால் விளைநிலம்: கப்பலோட்டிகள் தங்குவதற்கு இவை போதாவா?

முதலில் தங்கியவர்கள் பினீசிய வணிகர்கள். இங்கு கண்டெடுக்கப்பட்ட மிகப் பழைய கல்லறைகள் கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பின்னர் இப்பகுதி மொரித்தானிய அரசர்களின் ஆட்சிக்கு உட்பட்டது. அவர்களுள் இரண்டாம் ஜூபாவின் தலைநகர் அயலிலுள்ள இன்றைய ஷெர்ஷெல். அவனுடைய மனைவி செலேனே, எகிப்தின் கிளியோபாத்ராவுக்கும் உரோமத் தளபதி அந்தோனிக்கும் பிறந்த மகள். திப்பாசாவுக்குக் கிழக்கே குன்றின் மேல் நிற்கும் சுமார் 60 மீற்றர் விட்டமுள்ள வட்டவடிவக் கல்லறைக் கட்டடம் இவ்விருவருக்கும் உரியதெனக் கருதப்படுகிறது.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் நாடு உரோமப் பேரரசுடன் இணைந்தது. மதில், நாடக அரங்கு, வட்டரங்கு, நீராடு மண்டபம் என நகரம் வளர்ந்தது. மதிலின் நீளம் மட்டும் 2 கிலோமீற்றருக்கு மேல். பின்பு கிறிஸ்தவம் பரவியது. சல்சா என்னும் பதினான்கு வயதுச் சிறுமி, மக்கள் வழிபட்ட பாம்புச் சிலையின் தலையைக் கடலில் எறிந்ததால் கல்லெறிந்து கொல்லப்பட்டாள் என்பது இவ்வூரின் பழங்கதை. அவள் பெயரால் எழுந்த கோயிலின் இடிபாடுகள் கிழக்குக் குன்றில் இன்றும் உள்ளன.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வந்தல்கள் நாட்டைக் கைப்பற்றினர். அவர்களும் கிறிஸ்தவரே, ஆயினும் வேறு பிரிவினர். 484இல் மன்னன் ஹுனெரிக் தன் பிரிவைச் சேர்ந்த ஆயரொருவரைத் திப்பாசா மக்கள்மீது திணித்தான். பலர் கப்பலேறி ஸ்பெயினுக்குத் தப்பினர். எஞ்சியோர் பணிய மறுத்தனர். அவர்களுடைய நாவையும் வலக்கையையும் வெட்டுமாறு ஆணை பிறந்தது. அதன் பின்னரும் அவர்கள் பேசினார்கள் என்று அக்காலத்தவரான விட்டாவின் விக்டர் எழுதி வைத்திருக்கிறார். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் நம் விருப்பம். ஆனால் நாவை அறுத்தாலும் பேச்சு நிற்காது என்று ஓர் ஊர் தன்னைப் பற்றி நினைவில் வைத்திருந்ததே, அது சிறிய செய்தியன்று.

அதன்பின் நகரம் தேய்ந்து பாழானது. நெடுங்காலத்தின் பின், 1854இல் பிரெஞ்சுக்காரர் இங்கு புதிய குடியேற்றம் ஒன்றை நிறுவினர். காம்யு கண்ட ஊர் அதுவே. போர் முடிந்தபின் அவர் திரும்பி வந்தபோது இடிபாடுகளைச் சுற்றி முட்கம்பி போடப்பட்டிருந்தது. 1952 திசெம்பரில் அவர் மீண்டும் வந்தார். முட்கம்பியினூடாகப் புகுந்து பழைய ஒளியைத் தேடிக் கண்டார். அந்தக் கட்டுரை 1954இல் வெளியான நூலில் இடம்பெற்றது. முட்கம்பியைத் தாண்டி இளமையின் இடத்தைத் தேடுவது என்னவென்று நம்மவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதே 1954இல்தான் அல்ஜீரிய விடுதலைப் போரும் தொடங்கியது. எட்டு ஆண்டுகள் நீடித்த அப்போரில் ஷெனுவா மலைக் கிராமங்களும் தப்பவில்லை. அம்மலையில் வாழ்வோர் பேர்பர் இனத்தவர். ஷெனுவி அவர்களது தாய்மொழி. இவர்களுடைய குரலைத்தான் காம்யுவின் கட்டுரையில் என் மாணவன் தேடியிருக்கிறான். காம்யு ஈரமற்றவர் அல்லர். 1939இல் கபிலியா மக்களின் வறுமையைப் பற்றிப் பத்திரிகையில் துணிவோடு எழுதியவர். ஆயினும் அவருடைய திப்பாசாவில் முதற்பொருளும் உரிப்பொருளும் நிறைந்திருக்க, கருப்பொருளில் மரமும் பூவும் இருக்க, மண்ணின் மக்கள் பேசுவதில்லை.

அவர்களைப் பேச வைத்தவர் 1936இல் ஷெர்ஷெலில் பிறந்த அசியா ஜெபார். 1977இல் 'ஷெனுவா மலைப் பெண்களின் நூபா' என்ற திரைப்படத்தை அவர் எடுத்தார். மலைக் கிராமத்துப் பெண்கள் போர்க்கால நினைவுகளைத் தம் வாயாலேயே சொல்லும் படம் அது. நூபா என்பது பாரம்பரிய இசைத்தொகுதி ஒன்றின் பெயர். முறை என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. இனிப் பேசுவது எங்கள் முறை என்று அப்பெண்கள் சொல்வதாகவே நான் அத்தலைப்பை எடுத்துக்கொள்கிறேன். 1979இல் வெனிஸ் விழாவில் விமர்சகர் பரிசு இப்படத்துக்குக் கிடைத்தது. ஜெபார் 2005இல் பிரெஞ்சு அக்கடமிக்குத் தெரிவானார். 2015இல் மறைந்து, பிறந்த ஊரிலேயே அடக்கம் பெற்றார். அந்நாட்டின் பேர்பர் மொழியும் 2016இல் அரசகரும மொழியாக ஏற்கப்பட்டது.

திப்பாசாவின் இடிபாடுகள் 1982 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளன. அவற்றிடையே, ஷெனுவாவை நோக்கியபடி, காம்யுவின் வாசகம் பொறித்த நினைவுக்கல் ஒன்றும் நிற்கிறது. 1961இல், போர் ஓயுமுன்பே நாட்டப்பட்டது அது. அக்கல் அங்கே இருக்கட்டும்; அதற்குரிய தகுதி அந்த எழுத்துக்கு உண்டு. ஆனால் அதைப் படித்தபின் தலையை நிமிர்த்தி மலையையும் பார்க்க வேண்டும்.

இப்போதும் அக்கட்டுரையை வகுப்பில் சொல்கிறேன். சொல்லி முடித்ததும், "இங்கே யார் பேசவில்லை?" என்று நானே கேட்டுவிடுகிறேன். நம் பாடநூல்களைப் படிக்கும்போதும் அதே கேள்வியைப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பதில் சொல்வது சில வேளைகளில் எனக்குச் சிரமமாகவே இருக்கிறது.