‘நைஸ்’ என்னும் சிறு சொல்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் முதலிற் கைக்கொள்ளும் பெயரடைகளுள் ‘நைஸ்’ என்பதும் ஒன்று. உணவு, உடை, காலநிலை, நண்பர், நூல் ஆகிய அனைத்தும் அவர்க்கு ‘நைஸ்’ ஆகவே தோன்றும். இச்சொல்லுக்கு ‘நல்ல’, ‘இனிய’ என்னும் பொருள்கள் மட்டுமே உள எனக் கொள்வோர், பழைய நூல்களைப் படிக்குமிடத்தும் சட்டம், தத்துவம் முதலியன கற்குமிடத்தும் பெரிதும் இடர்ப்படுவர். ஆதலின் இதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இதன் மூலம் ‘நெஸ்கியுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லாகும். அதில் ‘நெ’ என்பது எதிர்மறையைக் குறிக்கும். எஞ்சிய பகுதி, அறிதல் எனப் பொருள்படும் ‘ஸ்கீரே’ என்னும் வினையிற் பிறந்தது. எனவே ‘அறியாத’ என்பதே முதற்பொருள். அறிவியலைக் குறிக்கும் ‘சயன்ஸ்’ என்னும் சொல்லும் அவ்வினையின் வழிவந்ததே. அறிவும் அறியாமையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாயின!

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துட் புகுந்த இச்சொல், 14ஆம் நூற்றாண்டுக் கவிஞராகிய சோசர் காலத்தில் ‘மடமையுடைய’ எனப் பொருள்பட்டது. பின்னர் ‘கூச்சமுள்ள’, ‘எளிதில் மனநிறைவு கொள்ளாத’, ‘மென்மையான’, ‘நுண்ணிய’ எனப் பல பொருள்களை ஏற்றது. சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட பேரகராதி, நுணுகி நோக்கும் செம்மையை இதன் பொருளாகக் காட்டும். ‘இனிய’ என்னும் பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெருகலாயிற்று. ஜேன் ஒஸ்ரின் மறைந்தபின் 1817ஆம் ஆண்டிறுதியில் வெளிவந்த ‘நோதங்கர் அபி’ என்னும் நாவலில், எதனையும் ‘நைஸ்’ என்றே புகழும் வழக்கம் நகையாடப்படுகின்றது.

சொற்பொருள் இங்ஙனம் திரிதல் ஆங்கிலத்துக்கே உரியதன்று. பண்டு நறுமணத்தையும் உணர்த்திய ‘நாற்றம்’ இன்று தீய மணத்தையே உணர்த்துகின்றது. கள்ளுண்டு மயங்குதலைக் குறித்த ‘களிப்பு’ பொதுவான மகிழ்ச்சியைக் குறிக்கலாயிற்று. முன்னையது இழிந்தது, பின்னையது உயர்ந்தது. ‘நைஸ்’ என்பதும் உயர்ந்த சொற்களின் பாற்படும்.

எனினும் பழம்பொருள் முற்றாக மறைந்துவிடவில்லை. நீதிபதி ஒருவர் ஒரு சட்ட வினாவை ‘நைஸ்’ என்பாராயின், அது நுட்பமானது, தீர்த்தற்கரியது என்பதே கருத்து. அதனை ‘இனிய வினா’ என மொழிபெயர்ப்பவர், வழக்கின் சிக்கலையே மறைத்துவிடுவர். ‘நைஸ் டிஸ்ரிங்ஷன்’ என்பதும் நுண்ணிய வேறுபாடேயன்றி அழகிய வேறுபாடன்று. ‘நைஸ் அன்ட் வோம்’ என்னும்போது, இதமாகச் சூடாயிருத்தலை அது உணர்த்தும். குழப்பமொன்றைக் கண்டு ‘நைஸ் மெஸ்’ என்பாரேல், அது புகழ்ச்சியன்று, இகழ்ச்சியே. துடுப்பாட்டத்தில் ‘நைஸ் ஷொட்’ என்பதோ அடித்தவரின் திறமைக்கு அளிக்கும் பாராட்டு.

ஆகவே மாணவர் இரண்டினை மனங்கொள்ளல் வேண்டும். படிக்குங்கால், நூலின் காலத்தையும் சொல் நின்ற இடத்தையும் நோக்கிப் பொருள் கொள்க. எழுதுங்கால், ‘நைஸ்’ என எழுதுமுன் எவ்வகையில் நன்று என ஒரு கணம் வினவுக. சுவையானதா, பண்புடையதா, நேர்த்தியானதா என்னும் விடை கிடைப்பின், அதற்குரிய சொல்லும் உடன் கிடைக்கும். அகராதியில் முதலிற் கண்ட பொருளோடு அமையாது, இடம் நோக்கித் தெரிந்து கொள்வதே மொழிப்பயிற்சியின் பயனாகும்.