ஃபார்மட்டுக்கு முன் ஒரு சோதனை

கேபிளைச் சொருகினால் செல்போன் சார்ஜ் ஆகிறது. கம்ப்யூட்டரோ அதைக் கண்டுகொள்வதே இல்லை. பல கடைகளில் கிடைக்கும் பதில், "ஃபார்மட் பண்ணிடலாம்." கூடவே பல வருடப் படங்களும் கணக்குகளும் போய்விடக்கூடும்.

அதற்கு முன், செலவில்லாத சோதனை ஒன்று உண்டு: 'லைவ்' லினக்ஸ். ஹார்ட் டிஸ்க்கில் நிறுவாமலே இயங்கும் ஆபரேட்டிங் சிஸ்டம். ஜெர்மனியின் கிளவுஸ் நாப்பர் 2000-ல் வெளியிட்ட 'நாப்பிக்ஸ்' சிடி இதைப் பிரபலமாக்கியது. இன்று லினக்ஸ் மின்ட்டை இலவசமாக இறக்கி எழுத 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும்.

பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்கி, போனின் பூட்டைத் திறந்து, திரையில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படங்கள் தெரிந்தால் போனும் கேபிளும் நிரபராதிகள். கோளாறு பெரும்பாலும் விண்டோஸின் டிரைவரில். அதை மட்டும் நீக்கி மீண்டும் நிறுவிப் பார்க்கலாம். படங்களை அப்போதே வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடலாம்.

இதிலும் தெரியவில்லையா? முதல் சந்தேகம் கேபிள் மீதுதான். சார்ஜுக்கு மட்டுமான கேபிள்களில் தகவல் செல்லும் கம்பிகளே கிடையாது. கேபிளை, பிறகு போர்ட்டை மாற்றிப் பாருங்கள். திரையிலுள்ள 'இன்ஸ்டால்' ஐகான் பக்கம் மட்டும் போகாதீர்கள். அது ஹார்ட் டிஸ்க்கையே துடைத்துவிடலாம்.