கடைக்கும் கிட்டங்கிக்கும் கம்பியில்லாப் பாலம்

கடை பஜாரில், கிட்டங்கி இரண்டு தெரு தள்ளி. நம் வணிகப் பெருமக்களில் பலருக்கும் இதுதான் நிலைமை. இருபது மூட்டை துவரம்பருப்பு இருப்பில் உள்ளதாகக் கடைக் கம்ப்யூட்டர் காட்டுகிறது. பணத்தை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்து அனுப்புகிறோம். கிட்டங்கியில் இருப்பதோ எட்டு மூட்டை. மீதி காலையிலேயே வேறொருவருக்குப் போய்விட்டது. அந்தக் கணக்கு அங்குள்ள நோட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற மாலையாகும். இப்படி இரண்டு முறை நடந்தால், மூன்றாம் முறை வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குத்தான் போவார்.

இரண்டு இடத்துக் கம்ப்யூட்டர்களையும் இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் சாதாரண நெட்வொர்க் வயர் 100 மீட்டருக்கு மேல் உதவாது. தெருவைக் கடந்து இழுக்க அனுமதி வேண்டும். உயரமாகப் பாரம் ஏற்றிய ஒரு லாரி போதும், அறுத்துக்கொண்டு போக. இரண்டு இடத்திலும் இன்டர்நெட் எடுக்கலாம். ஆனால் மாதந்தோறும் இரண்டு கட்டணம், ஒன்று நின்றாலும் வேலை நிற்கும். இதற்கெல்லாம் மாற்று வயர்லெஸ் பிரிட்ஜ்.

ஒரு மாடியில் ஒன்றும் எதிர் மாடியில் ஒன்றுமாக, ஒன்றையொன்று பார்த்தபடி பொருத்தும் ஜோடிக் கருவி இது. ரேடியோ அலை மூலம் தகவல் போய்வரும். மாத வாடகை கிடையாது. லைசென்ஸ் பற்றிய பயமும் வேண்டாம். மத்திய அரசு 2005-ல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கும், 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதிக்கும் உரிமத் தேவையை நீக்கியது, திறந்தவெளியிலும் பயன்படுத்தலாம். நிர்ணயித்த சக்தி அளவை மீறக்கூடாது. கருவிக்கு டபிள்யூ.பி.சி.யின் இ.டி.ஏ. ஒப்புதல் உண்டா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு, சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களை வயர்லெஸ் மூலம் இணைத்தது. பல கிலோமீட்டர் தள்ளியிருந்த நோயாளியுடன் மருத்துவர் வீடியோவில் பேசினார். 2008-ல் அந்த ஆய்வாளர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். பெருந்தொல்லை தந்தது மின்சாரத்தின் தரக்குறைவுதான் என்றார்கள். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் கருவிகள் பழுதாயின.

எனவே கருவியின் விலையை மட்டும் பேரம் பேசினால் போதாது. நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பார்வை. இரு கருவிகளுக்கும் நடுவே சுவரோ மரமோ கூடாது. அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நடுவழியில் பருத்துப் போகிறது. 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் பார்வைக்கோட்டைச் சுற்றிச் சுமார் மூன்றரை மீட்டரும், 200 மீட்டர் தூரத்துக்குச் சுமார் ஒன்றரை மீட்டரும் அதன் பாதை. இதில் பாதிக்கு மேலாவது தடையின்றி இருக்க வேண்டும். மாசியில் இலை உதிர்த்து நிற்கும் வேப்பமரம் சித்திரையில் தழைத்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். மாடிக் கருவிக்கு நெட்வொர்க் வயர் வழியாகவே மின்சாரம் போகும். ஆகவே கீழே இரு முனையிலும் யு.பி.எஸ். அவசியம்.

மூன்றாவது, இடி மின்னல். மாடியில் உயர்ந்து நிற்கும் கம்பத்துக்கு முறையான எர்த்தும், வயருக்கு சர்ஜ் அரெஸ்டரும் போட வேண்டும். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்கக் கூடாது. பில் கம்ப்யூட்டரும் அதே வயரின் முனையில்தான் இருக்கிறது.

நான்காவது, பூட்டு. கம்பெனி வைத்தனுப்பும் பாஸ்வேர்டை அன்றே மாற்றி, குறைந்தது டபிள்யூ.பி.ஏ.2 பாதுகாப்பு போட வேண்டும். நம் விலைப்பட்டியல் காற்றில்தான் போய்வருகிறது.

பணம் கொடுக்குமுன் விற்பவரை மாடிக்கு அழைத்துப் போய், நம் இடத்திலேயே ஒரு நாள் ஓட்டிக்காட்டச் சொல்லலாம். சரியாக ஓடினால் மட்டும் வாங்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிட்டங்கிப் பணியாளர் மூட்டை வெளியேறும் அந்த நேரத்திலேயே கணக்கில் ஏற்ற வேண்டும். மாலையில் மொத்தமாக ஏற்றினால், எத்தனை பெரிய பாலம் போட்டாலும் கடைக்கு வந்துசேர்வது காலைக் கணக்குத்தான்.