பிராட்பேண்ட் கட்டணம் இடையில் உயர்ந்தால்

ஒப்பந்தம் முடியுமுன்பே பிராட்பேண்ட் கட்டணம் உயர்ந்துவிட்டதென்று நம் குடும்பங்கள் பல முறையிடுகின்றன. முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பிரிட்டனில் 17 ஜனவரி 2025 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில், இடைக்கால உயர்வு எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். இது ஆஃப்காம் விதி. எழுதியிருந்தால் நாம் ஒப்புக்கொண்டதுதான். பாதியில் விலகினால் பெரும்பாலும் விலகல் கட்டணம் உண்டு. எழுதாத உயர்வென்றால், அறிவிப்பு வந்த 30 நாட்களுக்குள் கட்டணமின்றி விலகலாம். இது வாக்கு மீறலாகுமோ என்று பெரியவர்கள் சிலர் தயங்குகிறார்கள். ஆகாது, உடன்படிக்கையை மாற்றியது அவர்கள்.

புதிய நிறுவனத்திடம் சொன்னால் போதும். பழைய இணைப்பை அவர்களே முடித்துவைப்பார்கள். நீங்களாக முந்திக்கொண்டு ரத்து செய்ய வேண்டாம். யுனிவர்சல் கிரெடிட் பெறுவோர், மாறுமுன் ‘சோஷியல் டாரிஃப்’ உண்டா என்று கேளுங்கள். கேட்காதவரை பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். கடிதம் புரியாவிட்டால் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள், படித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.