மௌனம் சம்மதமாகும் இடம்

தொலைவிலுள்ள கணிப்பொறியின் கோப்புகள் தம் மடிக்கணினியில் சொந்தக் கோப்புகளைப் போலவே திறக்கின்றனவே, இதன் சூட்சுமம் என்ன என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் பயன்படுத்துவது எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் என்னும் நிரல். அதற்கு ஆதாரமாக நிற்பவை, ஹங்கேரியரான மிக்லோஷ் செரெடி உருவாக்கியதும், 2005ஆம் ஆண்டில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.14ஆம் பதிப்பில் இடம்பெற்றதுமான ஃபியூஸ் என்ற அமைப்பும், லிப்ஃபியூஸ் என்ற அதன் நிரல் நூலகமும் ஆகும்.

புதிய கோப்பு முறைமையொன்றைச் சிருஷ்டிக்க விரும்பியவர் முன்பெல்லாம் பெரும்பாலும் கெர்னலுக்குள்ளேயே நிரல் எழுத வேண்டியிருந்தது. அங்கே நேரும் சிறு பிழையும் இயந்திரம் முழுவதையும் ஸ்தம்பிக்கச் செய்துவிடும். ஃபியூஸோ, கெர்னலிடம் வரும் கேள்விகளை வெளியே இயங்கும் சாதாரண நிரலுக்கு அனுப்பி, அது தரும் விடைகளையே கோப்பாகக் காட்டுகிறது. நூலகத்துடன் வரும் ‘ஹலோ’ என்ற உதாரண நிரல், ‘கெட்ஆட்டர்’ வழியாக அளவைக் கேட்டால் 13 பைட் என்கிறது, ‘ரீட்’ வழியாக உள்ளடக்கத்தைக் கேட்டால் ‘ஹலோ வேர்ல்டு!’ என்கிறது, ஆனால் வட்டில் எங்கு தேடினும் அப்படியொரு கோப்பு கிடையாது.

கெர்னல் இப்படி அனுப்பும் கேள்விகளுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது ‘எஃப்சிங்க்’ என்பதுதான். எழுதியது நிலையான இடத்தில் சேர்ந்துவிட்டதா என்று உறுதி கேட்பது அது. பதிவுத் தபாலில் பத்திரம் அனுப்பினால், கையொப்பமிட்ட ஒப்புகை அட்டை திரும்பி வரும்வரை நிம்மதியடையாத என் தந்தையாரைப் போல, தரவுத்தளங்கள் இந்த ஒரு விடைக்காகவே காத்திருக்கின்றன. விந்தை யாதெனில், கோப்பு முறைமையை எழுதியவர் எஃப்சிங்க்கைச் செயல்படுத்தாமல் விட்டிருந்தால், ‘இந்தச் செயல் என்னிடம் இல்லை’ என்று பொருள்படும் ஈநோசிஸ் என்ற பிழைக்குறி கெர்னலுக்குப் போகிறது. கெர்னல் அதையே வெற்றியென்று கொண்டு, அந்த முறைமை இணைந்திருக்கும்வரை மறுபடி கேட்பதுமில்லை. மௌனம் சம்மதமாகிவிடுகிறது!

வட்டே இல்லாத ‘ஹலோ’ போன்றவற்றுக்கு இந்தச் சலுகை நியாயமானதே. ஆயின், பிறருடைய தரவைத் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பிறகு ஆறுதலாகத் தொலைவிடத்துக்கு அனுப்பும் முறைமையை எழுதுபவர்களும் இதை அலட்சியம் செய்வது பெரும் பிழையென்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில், இடையில் மின்சாரம் நின்றால், சேமித்தாயிற்று என்று நம்பியவரின் உழைப்பே வீணாகிறது. படிப்பதும் எழுதுவதும் சரியாக நடந்தவுடன் வேலை முடிந்ததென்று எண்ணாமல், எஃப்சிங்க்கையும் பொறுமையாக எழுதி, சேமிக்க இயலாதபோது பிழைக்குறியை ஒளிக்காமல் திருப்பித் தருவதே இந்தத் தொழிலின் தர்மம்.