கொல்லிமலையும் கொல்லைப்புறமும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறும் அடியார்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களையே மனத்தில் கொண்டு செல்கிறார்கள். ஒன்று, பெரிய கோவிலூரில் அறம்வளர்த்த நாயகியுடன் எழுந்தருளியிருக்கும் அறப்பளீஸ்வரர் திருக்கோயில். தேவார வைப்புத் தலமாகிய இதன் இறைவன்மீதே அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடினார். மற்றொன்று, கோயிலின் அருகே ஐயாறு பாறையிலிருந்து விழும் ஆகாய கங்கை. அங்கே செல்ல ஏறத்தாழ ஆயிரம் படிகள் இறங்க வேண்டும். முழங்கால் இடம்கொடாத முதியோர் மேலேயே நின்று கைகூப்பித் திரும்புவதும் உண்டு.

செம்மேட்டிலிருந்து கோயிலுக்குச் செல்லும் வழியில், பேருந்துச் சன்னல் ஓரமாகவே காணக் கிடைக்கும் மற்றொரு காட்சி உண்டு. அதைக் காணப் படி இறங்கவும் வேண்டியதில்லை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று நாடுகளாகப் பகுக்கப்பட்ட இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் வீட்டுத் தோட்டங்களே அவை.

முதற்பார்வையில் அவை தோட்டமாகவே தோன்றா. வரிசை இல்லை, பாத்தி இல்லை. வீட்டை ஒட்டி ஒரு பலா நிற்கும். அதன் அடிமரத்தைப் பற்றிக்கொண்டு மிளகுக்கொடி ஏறும். பலாவின் நிழலில் காப்பிச் செடி. சற்று வெயில் விழும் இடத்தில் வாழையும் கொய்யாவும். வேலியோரத்தில் படரும் அவரை. தரையில் பூசணியும் மிளகாயும். ஒழுங்கற்றதாகத் தோன்றும் இந்தக் கூட்டத்துக்குள் நுட்பமான ஒழுங்கு ஒன்று இருக்கிறது. சரிவான நிலத்தில் பெருமழை நேரே மண்ணில் அடித்தால் மேல்மண் கரைந்து பள்ளத்தாக்குக்குப் போய்விடும். இங்கோ மழைத்துளி முதலில் பலா இலையில் விழுந்து, பிறகு காப்பி இலையில் தங்கி, இறுதியில் உதிர்ந்த சருகுகளின்மீது மெல்லச் சொட்டுகிறது. சருகு மட்கி எருவாகிறது. பலாவின் வேர் ஆழத்திலும் வாழையின் வேர் மேற்பரப்பிலும் நீர் தேடுவதால் ஒன்றுக்கொன்று பெரும்போட்டி இல்லை.

இந்த அமைப்பை மலைமக்கள் எந்த நூலிலும் கற்கவில்லை. மலையின் பல பகுதிகளில் தெய்வங்களுக்கென்று விடப்பட்ட கோயிற்காடுகள் இருக்கின்றன. அக்காடுகளில் மரம் வெட்டுவதில்லை, செருப்பணிந்து நுழைவதில்லை. பெருமரம், சிறுமரம், கொடி, புதர், பூண்டு என்று அடுக்கடுக்காக நிற்கும் அந்தச் சோலையின் சிற்றுருவமே வீட்டுத் தோட்டம் என்று சொல்லத் தோன்றுகிறது. தெய்வத்தின் காட்டில் கைவைக்க அஞ்சிய மக்கள், அக்காட்டின் முறையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஆனால் வீட்டைத் தாண்டிய வயல்களின் கதை வேறு. ஒரு தலைமுறைக்கு முன்புவரை இம்மலைச் சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு ஆகியவை விளைந்தன. இன்று அவ்விடங்களில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. தென்னமெரிக்காவில் தோன்றிய இக்கிழங்குக்குச் சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் எப்போதும் விலை உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது கீழ்த்திசை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனதால் சேலத்தில் வேரூன்றிய தொழில் அது. வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஜவ்வரிசிப் பாயசம் நிவேதிக்கும் இல்லங்கள் எத்தனையோ. அந்தப் பாயசத்துக்கும் கொல்லிமலையில் தினை குறைந்ததற்கும் இப்படியொரு தொடர்பு இருப்பதை எவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மலைமக்களைக் குறைகூற இதில் ஏதுமில்லை. சாமையின் உமி தானியத்தை இறுகப் பற்றியிருப்பது. அதை உரலில் இட்டு உலக்கையால் குற்றி, முறத்தில் புடைத்து, மீண்டும் குற்றும் பாடு முழுவதும் பெண்கள்மீதே விழுந்தது. மரவள்ளிக்கு அத்தொல்லை இல்லை. பிடுங்கி வண்டியேற்றினால் கையில் பணம். 1988-இல் தொடங்கப்பட்ட எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் சிறுதானியங்களைக் காக்கப் பணியாற்றியபோது, வெறும் அறிவுரையோடு நிற்காமல், உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர் விதைக் களஞ்சியங்களையும் முன்வைத்தது. பெண்களின் தோள்வலியைக் கணக்கில் கொள்ளாத எந்தப் பாதுகாப்பும் நிலைக்காது என்பதை அப்பணி உணர்ந்திருந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் நகரங்களில் சாமைக்கும் தினைக்கும் மதிப்புக் கூடியிருக்கிறது. எனினும், கைவிட்ட விதை தானாகத் திரும்பி வருவதில்லை. ஒரு குடும்பம் இரண்டு மூன்று பருவம் விதைக்காமல் விட்டாலே களஞ்சியத்தில் உள்ள விதை முளைப்புத்திறன் குன்றிப்போகும். அதனால்தான் கொல்லைப்புறத்தின் மதிப்பு உயர்கிறது. வயலில் இடம் இழந்த பழைய அவரையோ கேழ்வரகோ வீட்டருகே நான்கு முழ இடத்தில் ஆண்டுதோறும் விதைக்கப்பட்டால், அந்த வகை அழியாது.

தோட்டங்களிலும் மாற்றம் நுழையாமல் இல்லை. மிளகு படர்வதற்கென்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரங்கள் மலையெங்கும் நெட்டையாக நிற்கின்றன. விரைவில் வளரும், மரத்துக்கும் விலை உண்டு என்பது உண்மையே. ஆயினும் பலா தரும் பழமும் பசுந்தழையும் அதனிடம் கிடைக்கா. அதன் சருகும் எளிதில் மட்குவதில்லை. மிளகுக்குப் பலாவே நல்ல துணை.

சமவெளியில் வீடு கட்டி வாழும் முதியோருக்கு இம்மலைத் தோட்டம் நேரடியாகப் பயன்படக்கூடியது. அண்மைக்காலத்தில் வீட்டு முற்றத்தை முழுதும் சிமெண்டு ஓடுகளால் மூடிவிட்டு, நான்கு தொட்டிகளில் பூக்காத அழகுச் செடிகளை வைப்பது வழக்கமாகிவிட்டது. மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் தெருவுக்கு ஓடுகிறது. பூஜைக்குப் பூ கடையிலிருந்து வருகிறது. ஓடுகளில் ஒரு வரிசையைப் பெயர்த்தெடுத்தாலே போதும். இடம் அகன்றிருந்தால் மேற்குப் பக்கம் ஒரு வில்வம் வைக்கலாம். வில்வம் மெதுவாக வளரும். நட்டவரைவிடப் பேரக்குழந்தைகளுக்கே அதிகம் பயன்படும். அதற்கு முன்னால் பவளமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி. அவற்றின் அடியில் துளசி. உதிரும் இலைகளைப் பெருக்கிக் குப்பைவண்டியில் போடாமல் செடிகளின் அடியிலேயே மூடாக்காகப் பரப்பினால், கோடையில் நீர் ஊற்றும் வேலை பாதியாகக் குறையும். அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் வாழைக்குத் திருப்பலாம். சோப்பு நீரை மட்டும் பூஜைச் செடிகளுக்கு விடாமல் கல்வாழைப் பாத்திக்கு விடுவது நன்று. சுவாமிக்குச் சாற்றிய நிர்மால்யத்தை, நூலையும் நாரையும் நீக்கி, ஒரு மண்தொட்டியில் சருகோடு மாற்றி மாற்றி இட்டுவந்தால் சில மாதங்களில் எருவாகும். குளத்தில் வீசுவதைவிட அது பல மடங்கு மேலானது. குனிய இயலாதவர்கள் திண்ணை உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, அதன்மேல் தொட்டி வைத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு மூன்றடிக்கு மூன்றடி வெயில்படும் இடம் ஒன்று மிஞ்சினால் அதில் தினை விதைக்கலாம். தேனும் தினைமாவும் முருகனுக்கு உகந்த நிவேதனம். தினைப்புனம் காத்த வள்ளியின் கதையை அறியாத பாட்டிமார் இல்லை. தினை 80 முதல் 90 நாட்களில் கதிர் முற்றும். கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடைபெறும் ஆடிப்பெருக்கையொட்டி விதைத்தால், பெருமழை வலுக்கும் முன், ஐப்பசியில் கந்த சஷ்டி வரும் வேளையில் அறுக்கலாம். கதிர் பால் பிடிக்கும்போதே சிட்டுக்குருவிகள் வந்துவிடும். வள்ளிபோல் ஆலோலம் பாடி விரட்டப் பேத்தியை உட்கார வைக்கலாம். அல்லது அவற்றின் பங்கை அவற்றுக்கே விட்டுவிடலாம். விளைவது இரண்டொரு கைப்பிடிதான் இருக்கும். அதில் நன்கு முற்றிய கதிர் ஒன்றை முதலில் எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து அடுத்த ஆடிக்கு வைத்துவிட்டு, மீதியைக் குற்றிப் புடைத்தால், சஷ்டியன்று தேனில் பிசைந்து வேலவனுக்கு முன் வைக்க ஒரு சிறு கிண்ணம் தினைமா கிடைக்கும்.